லீவு முடிந்து இரண்டு நாள்

பண்டாரவளைக்கு ஏறும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன். பேச்சுவாக்கில் அவள் குரலை உயர்த்தினாள்.

"உங்களக் காணாம ரெண்டு நாளாத் தேடினேன்னு கங்காணிகிட்ட நான் சொல்லணுமா? கையப் புடிச்சுக்கிட்டே நின்னவ!"

"சத்தம் போடாத புள்ள. ஒங்கண்ணனக் கப்பலேத்திவிட கங்காணி குடுத்தது ரெண்டு நாள் லீவு. நாம நாலு நாள் கழிச்சுத் திரும்பிப் போறோம். தேயிலைத் தோட்டத்த விட்டு ஓடிட்டோம்னு வாறண்டு எடுத்திருப்பாங்க. கைப்புள்ளையோட நீயும் மறியல்ல கம்பி எண்ணணுமா?"

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அலை வந்து தள்ளினப்ப என்னமாக் கத்துனீங்க! பேண்டு வாத்தியம் கேட்டுக்கிட்டிருந்த தொரைமாரே திரும்பிப் பாத்தாங்க."

"நீ மட்டும் என்னவாம்? பட்டம் விட்ட பயககிட்ட நூலக் கேட்டு வாங்கினியே. நாளைக்கும் காலிமுகக் கடற்கரைக்கு வருவோமான்னு கேட்டது யாரு?"

"நாந்தான். பழி மட்டும் உங்க தலையிலயா?"

பண்டாரவளையில் கங்காணியும் ஒரு பொலிஸ்காரரும் காத்து நின்றார்கள். அவன் முந்திக்கொண்டு இறங்கினான்.

"கடல் பாக்குற ஆசையில நாந்தாங்க ஒளிஞ்சுக்கிட்டேன். இவ பாவம், என்னத் தேடி அலைஞ்சா."

பொலிஸ்காரர் அவன் கையில் விலங்கை மாட்டினார். கங்காணி அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ கடலுக்குப் போகல?"

பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"கடல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க."