காதர் எடுத்த ஆள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில் யாருடைய டிரான்சிஸ்டரோ கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு புது ஆட்டக்காரன் நூறு அடித்ததும், முன்சீட்டில் இருந்த இருவரில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“காதருக்கு மண்ணு போட்டுட்டு வரோம். அவன் எடுத்த ஆளு இப்பத்தான் அடிக்கிறான் பா.”

“மேட்சுக்கு முன்னாடி மூணு பேரும் பேப்பரைப் பாத்து யாரோட ஆளு நெறைய அடிக்கிறான்னு பந்தயத்துக்கு மாத்தி மாத்தி ஆளு எடுத்தோமே, கடைசியில யாருக்கும் வேணாம்னு மிஞ்சினவன் இவன். காதர் எடுத்தப்போ எப்டி சிரிச்சோம்!”

“‘பாத்துக்கினே இருங்கடா’ன்னான்.”

“அடுத்த மேட்சுக்கு இவனை நான்தான் மொதல்ல எடுப்பேன்.”

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது.

“வேணாம் பா,” என்றார் முதலாமவர். “நீயும் எடுக்காதே, நானும் எடுக்கல. அவன் காதரோட ஆளு.”