மாமனாரின் ரம்பம்

கோயிலுக்குப் போய்விட்டு மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் மரத்தூள் படிந்த சட்டையோடு இரண்டு தச்சர்கள்.

"மாமனாரோட ரம்பத்த மூணா வெட்டிட்டேன் மச்சி."

"இன்னாடா சொல்ற? உன் பொண்டாட்டி வூட்டுக்குள்ள சேக்க மாட்டா!"

"பழைய தேக்குக் கதவுல ஆணி கீதான்னு பாக்காம இழுத்துட்டேன். பல்லெல்லாம் போச்சு. ஆனா தகடு நல்லா கீது. வெட்டி, ஓரம் தீட்டி, மரத்த இழைச்சு வழவழப்பாக்குற சுரண்டி பண்ணிட்டேன்."

"அவரு கேட்டா?"

"தோள் போனதுலேர்ந்து ரம்பம் இழுக்க முடியாம வூட்லயே மொடங்கிட்டாரு. சுரண்டுறத உக்காந்துகினே செய்யலாம். நாளைக்குப் பட்டறைக்குக் கூப்புடப் போறேன்."

"வருவாரா?"

அவன் பையிலிருந்து புது டிபன் பாக்ஸை எடுத்துக் காட்டினான். "அவருக்குத்தான்."

பஸ் வந்துவிட்டது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கபாலீஸ்வரா, அந்தப் பெரியவர் நாளைக்கு வரவேண்டும்.