வழியனுப்பும் அறை

எங்கள் இல்லத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் எடை கூடும். கன்னம் உப்பும், கழுத்துப் பட்டன் போட முடியாமல் போகும். வந்த அன்று எலும்பும் தோலுமாக நின்றவரைச் சில மாதம் கழித்துப் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. போதையை விட்ட உடம்பு காய்ந்த மாடு கம்பில் விழுந்ததுபோல் சாப்பாட்டில் விழும். சமையல்காரம்மா சலித்துக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

ஐயா, நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். பேசினால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் எங்கோ போய்விடுவேன். இங்கே ஸ்டேஷனில் யாரும் என்னை மிரட்டவில்லை. தேநீர்கூடக் கொடுத்தார்கள். அதையும் எழுதிவிடுவதுதான் முறை.

போதை மீட்பு இல்லத்தின் பொறுப்பாளர் நான். எல்லாரும் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் இவர்களைப்போல ஹெராயின் பொடிக்கு அடிமையாக இருந்தவன். என்னைப் பொறுப்பில் வைத்தபோது, பாலுக்குப் பூனையா காவல் என்று இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையிலேயே சிலர் சிரித்தார்கள். பூனைக்குத்தான் தெரியும், பால் எந்த வழியாக வரும் என்று. வாசலில் வருகிறவர்களின் பையை வேறு யாரிடமும் விடமாட்டேன். சோப்பை இரண்டாக நறுக்கிப் பார்ப்பேன். செருப்பின் அடித்தோலை வளைத்துப் பார்ப்பேன். துணியின் மடிப்புகளை விரலால் நீவிக்கொண்டே போவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மாடியில் கடைசியில் ஓர் அறை இருக்கிறது. வழியனுப்பும் அறை என்று பெயர். வீடு திரும்பப் போகிறவர் கடைசி மதியத்தை அங்கே தனியாகக் கழிக்க வேண்டும். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோரம் கை கழுவும் தொட்டி. கதவின் மேல்பாதியில் சின்னக் கண்ணாடி. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தனிமையில் மனம் தெளியும் என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலம் இருக்கும். வாசலில் நான் பறிமுதல் செய்ததில் கொஞ்சம் எடுத்து வைப்பேன். முன்பு தங்கியவர் யாரோ மறந்துவிட்டுப் போனது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். இப்படி ஒன்று நடக்கிறது என்று அறக்கட்டளைக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. படித்தவர்களுக்கு இதெல்லாம் புரியாது. போதையை விடுவது வேறு, போதை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது விடுவது வேறு. சுட்டால்தானே பொன்.

பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். இழுப்பறை திறக்கும், பிறகு ஒரு சத்தமும் வராது. அப்புறம் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்கும். தொட்டியில் கொட்டிவிட்டார் என்று அர்த்தம். கதவைத் திறந்து கட்டிப்பிடித்துக்கொள்வேன். நான் ஏன் அழுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த யோசனை எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. நான் விட்ட நாளில் என் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. அதை நானே சாக்கடையில் எறிந்தேன். அன்றைக்குத்தான் மனிதன் ஆனேன். தான்தான் என் கையைக் கடித்துப் பிடுங்கி எறிந்ததாக என் அண்ணி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மணிக்கட்டில் இருக்கும் தழும்பைக் காட்டுவார். அண்ணிக்கு வயதாகிவிட்டது.

ஒருமுறை ஒரு பெயின்டர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தோற்றார், மூச்சு அடங்கியது. மூச்சைத் திருப்புகிற மருந்து, மூக்கில் அடிப்பது, என் சட்டைப்பையில் தயாராக இருந்தது. அடித்தேன். எழுந்து உட்கார்ந்து என்னைக் கண்டபடி திட்டினார். மறுவாரம் சுவரேறிக் குதித்து ஓடிப்போய், ஒரு பொதுக் கழிப்பறையில் இறந்து கிடந்தார். அதைப் பற்றி நிறைய யோசித்தேன். நான் காப்பாற்றியதால் அவருக்கு என்ன கிடைத்தது. நாலு சுவருக்குள் மரியாதையாக முடிந்திருக்க வேண்டியது, நாற்றத்துக்குள் முடிந்தது. இனி அவசரப்பட்டு மருந்தை எடுக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன்.

லாரி ஓட்டியவர். அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய அக்கா. தையற்கடை வைத்திருக்கிறார். அம்மா இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவர். பார்க்க வரும்போதெல்லாம் தம்பியின் தோளைத் தொட்டுப் பார்ப்பார், பழைய சட்டையை வாங்கிக்கொண்டு போய்த் தையலைப் பிரித்து அகலமாக்கிக் கொண்டுவருவார். "இனிமே பிரிக்கத் துணி இல்லடா, புதுசாத்தான் தைக்கணும்" என்று சிரிப்பார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

டிரைவர் வீடு திரும்பும் வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இப்பதான் அண்ணா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். உடம்பு பழசை மறந்திருக்கும். முன்னாடி எடுத்த அளவை இப்ப எடுத்தா மூச்சு நின்னுடும். அவரோட அக்காகிட்டயும் சொல்லிடுங்க." தலையாட்டினேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் வக்கீல் எழுதச் சொன்னாலும் நான் எழுதமாட்டேன். தெரியும். பொட்டலத்தில் அளவைக் குறைத்திருக்கலாமே என்பீர்கள். வெளியே விற்கிறவன் இவருக்காகக் குறைத்தா கொடுப்பான். பழைய அளவையே வைத்தேன்.

அன்று மதியம் அக்கா வந்துவிட்டார். கையில் புதுச் சட்டை. வழக்கம்போல ஒவ்வொரு மடிப்பாக நீவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நீவும்போது என் நகம் பட்டுக் கைமடிப்பில் கொஞ்சம் தையல் விட்டுப்போயிற்று. "பரவாயில்லண்ணா, வீட்டுக்குப் போய்த் தச்சுக்கறேன்" என்றார். சட்டையை நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு பட்டன்களைக் கழுத்துவரை மாட்டினார். நான் வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். அக்கா கீழே, பார்வையாளர் பெஞ்சில்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்தார், உதடு நிறம் மாறியது. குறட்டைபோல ஒரு சத்தம் வந்தது, பிறகு அதன் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மருந்து என் பையில்தான் இருந்தது. கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். தானாக எழுந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

அன்று சாயந்திரமே இல்லத்தின் வக்கீல் வந்துவிட்டார். சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். பிரிந்த கைமடிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொருள் உள்ள இருந்ததுன்னா இல்லம் பொறுப்பு. இழுத்து மூடிடுவாங்க, நீங்க உள்ள போவீங்க. சொந்தக்காரங்க கொண்டாந்ததுன்னா நமக்குப் பொறுப்பு இல்ல. சேர்க்கும்போதே அந்தம்மா அதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், சட்டையை மட்டும் காட்டுங்க." போலீசிடம் சட்டையைக் காட்டினேன். இல்லத்தில் இன்னும் எத்தனையோ பேர் குணமாக வேண்டியிருக்கிறது, ஒருவருக்காக எல்லாரையும் தெருவில் விட முடியாது. அக்காவைக் கைது செய்தார்கள். தம்பியைக் கொன்றதாக வழக்கு.

அப்படியே விட்டிருப்பேன், மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு வரி வந்தது. வாசலில் சோதனை அலட்சியமாக நடந்திருக்கிறது என்று. படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வாசலைத் தாண்டி எனக்குத் தெரியாமல் ஒரு துரும்பு உள்ளே போனதில்லை, ஐயா. அந்தச் சட்டை சுத்தமாக இருந்தது. அந்தம்மா கொண்டுவரவில்லை, நான்தான் வைத்தேன். அவரை விட்டுவிடுங்கள். அறிக்கையில் அந்த வரியையும் திருத்திவிடுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். நேற்று கோர்ட் வராந்தாவில் அவரைப் பார்க்காமல் இருந்திருந்தால் முடித்திருப்பேன்.

இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஊசி பிடிப்பதுபோல மடியில் அசைந்துகொண்டே இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அண்ணா, என் கடையில வேற யாராவது அதுக்குள்ள வச்சிருப்பாங்களோ? யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. நான் தச்ச சட்டைண்ணா அது."

ஓர் அடி என் பக்கம் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் என்னைக் கூப்பிட்டானா? நான் கீழதானே இருந்தேன். கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமே."

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றேன். அவர் கொஞ்சம் நிம்மதியாகத் தலையாட்டினார். அதற்காக எனக்கு நன்றிகூடச் சொன்னார். இரவெல்லாம் அந்த நன்றி என்னைத் தூங்கவிடவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ செய்திருக்கிறேன், பொய் சொல்வது மட்டும் எனக்குப் பழக்கமில்லை. அதனால் விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

அவர் கூப்பிட்டார். இழுப்பறையைத் திறந்தவுடனேயே பாம்பைக் கண்டவர்போல் பின்னால் நகர்ந்தார். நேராகக் கதவுக்கு வந்து தட்டினார். "அண்ணா, இங்க ஒண்ணு கிடக்கு. எடுத்துட்டுப் போயிடுங்க. என்னால இதைத் தொடக்கூட முடியாது, தொட்டா போச்சு. கதவைத் திறங்கண்ணா." நான் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றேன். இதற்கு முன் யாரும் கதவைத் தட்டியதில்லை. பிறர் கையால் அகற்றினால் அது விட்டதாக ஆகுமா, தானே தொட்டியில் கொட்ட வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. "அக்காவையாவது கூப்பிடுங்க" என்றார். கீழே சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அக்காவுக்குக் கேட்டிருக்காது.

ஓரமாக எட்டிப் பார்த்தேன். அப்புறம் அவர் மேசையில் விரித்திருந்த ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வந்தார். விரல் படாமல், அதை முறம்போலப் பிடித்துப் பொட்டலத்தை அள்ளிக்கொண்டார். கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, கதவடியில் இருந்த இடுக்கு வழியாக அதை வெளியே, என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, அப்பாடா என்று மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

நான்தான் அதைக் காலால் மறுபடி உள்ளே தள்ளினேன்.