குதிரையின் பின்தொடையில் எரிந்த சிவப்பு

என் பெயர் இரத்தினசிங்கம் கஜீவன். வயது முப்பத்து நான்கு. மெல்பேர்ன், நோபல் பார்க்கில் வேறு மூவருடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். பிறந்த இடம் கிளிநொச்சி. 2012ஆம் ஆண்டு படகில் வந்தேன். அன்று முதல் இன்றுவரை, முடிவு வரும்வரை தற்காலிகமாகத் தரும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறேன். கணேசலிங்கம் என்பவரின் மின்வேலைக் கொம்பனியில் ஆறு வருடமாக உதவியாளாக வேலை செய்கிறேன். எனக்கு மின்வேலை லைசென்ஸ் இல்லை.

இது எனது இரண்டாவது வாக்குமூலம். முதலாவதை மே 17ஆம் திகதி கொடுத்தேன். அதில் சொன்னது எதுவும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டது உண்டு. இன்று 27ஆம் திகதி, மொழிபெயர்ப்பாளர் விமலாதேவி அவர்கள் மூலம் தமிழில் சொல்கிறேன். தொடங்குமுன் நான் சாட்சியா, குற்றம் செய்தவனா என்று கேட்டேன். அது இன்னும் முடிவாகவில்லை என்று பொலிஸ் அதிகாரி சொன்னார். குற்றச்சாட்டுப் பதிவானாலே போதும், தீர்ப்பு வருமுன்பே விசாவை எடுத்து என்னைத் தடுப்பு முகாமில் வைக்கலாம் என்று என் வழக்கறிஞர் ஹரிப்பிரியா சொல்லியிருக்கிறார்.

கணேசலிங்கம் அண்ணைக்கு வில் வேட்டையில் இரண்டு வருடமாக விருப்பம். சென்ற ஆண்டு ஒரு மானுக்கு அம்பு பட்டும் அது பற்றைக்குள் ஓடிவிட்டது என்றும், இரத்தம் சிந்திய தடத்தைத் தன்னால் பிடிக்க முடியவில்லை என்றும் சொன்னார். அதன் பின்னர் என்னையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். தன் பழைய வில்லை எனக்குத் தந்தார். என் பெயரில் வேட்டை லைசென்ஸும் எடுப்பித்தார். நான் எந்த மிருகத்துக்கும் அம்பு விட்டதில்லை. என் வேலை தரையில் இரத்தத்தைப் பார்த்துச் சொல்வது.

ஏப்ரல் 26ஆம் திகதி, சனிக்கிழமை, லைட் நொக் வாங்க இருவரும் கடைக்குப் போனோம். நொக் என்பது அம்பின் வால் நுனியில் நாணைக் கவ்வும் சிறு பிளாஸ்டிக் துண்டு. லைட் நொக்கில் உள்ளே ஒரு சின்ன பற்றரியும் விளக்கும் இருக்கும். நாண் தள்ளும்போது விளக்கு எரியத் தொடங்கும். அதன் பின்னர் ஊசியால் தட்டி அணைக்கும்வரை எரியும். இது மிருகத்தைக் காட்டாது, அம்பு போன இடத்தை மட்டும்தான் காட்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் அம்புத் தண்டின் துளை சிறியது. அந்த அளவில் சிவப்பும் பச்சையும் மட்டுமே கடையில் இருந்தன. உங்கள் இருவரில் யாருக்காவது சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்கச் சிரமம் இருந்தால் நீலம் எடுங்கள், இரண்டு கிழமையில் வரவழைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அண்ணை சிரித்துவிட்டு, நான் எலெக்ட்ரீஷியன், மேட், என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மெதுவாக, “நீலம் எண்டா நல்லம் அண்ணை, பொறுத்து எடுப்பம்” என்றேன். “எனக்கேன்டா நீலம்? சின்னப் பிள்ளையள் பிறந்தநாளே கொண்டாடப் போறம்?” என்று கேட்டார். அதன் பின்னர் தனக்குப் பச்சை மூன்று, எனக்குச் சிவப்பு மூன்று என்று அவரே முடிவு செய்தார். விளக்கு எரியாதபோது எல்லாம் ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக்தான். தண்டுகளில் அவற்றை நான்தான் பொருத்தினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொம்பனிக் களஞ்சியத்தில் கதவை மூடிவிட்டுப் பயிற்சி செய்தோம். ஆறு அம்புகளும் பலகையில் எரிந்துகொண்டிருந்தன. அண்ணை போய்ப் பிடுங்கி, எரிகிறபடியே பிரித்து, மூன்றைத் தன் அம்புக் கூட்டிலும் மூன்றை என் கூட்டிலும் வைத்தார். அவருடைய கூட்டில் இரண்டு சிவப்பும் ஒரு பச்சையும் இருந்தன. நான் பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். அம்பைத் தேடத்தானே விளக்கு, யாருடைய கூட்டில் எது இருந்தால் என்ன என்று நினைத்தேன். அது முழுப் பதில் அல்ல. முழுப் பதிலைக் கீழே சொல்கிறேன்.

மே 17ஆம் திகதி பிற்பகல், கிப்ஸ்லாந்துப் பக்கம், முன்பு நாங்கள் சோலர் பனல் பூட்டிக் கொடுத்த ஒருவருடைய பண்ணைக்குப் போனோம். வேட்டைக்கு அவர் அனுமதி தந்திருந்தார். பக்கத்துக் காணியில் குதிரைகள் நிற்கின்றன, வேலிப் பக்கம் போகவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் அண்ணை வேலிப் பக்கமாகவே நடந்தார். நான் அவருக்குப் பின்னால் பத்து அடி தள்ளி நின்றேன். என் வில் தோளில் கிடந்தது. பற்றைக்கு அப்பால் கபில நிறமாக ஏதோ அசைந்தது. நான், “அண்ணை, பொறுங்கோ” என்றேன். அவர் நாணை இழுத்து விட்டுவிட்டார்.

சிவப்பு விளக்கு ஒன்று போனதைக் கண்டேன். அது போய் நின்றது. அதன் பின்னர் அது ஓடத் தொடங்கியது. மேலும் கீழுமாக ஆடி, வேலி ஓரமாக வட்டமடித்து, திரும்ப எங்கள் பக்கம் வந்து, மீண்டும் வட்டமடித்தது. குதிரை கத்திய பிறகுதான் அது குதிரை என்று எனக்கு விளங்கியது. குதிரைக்காரப் பெண்மணி, யாரோ சைக்கிளில் தன் காணிக்குள் புகுந்துவிட்டதாகவும், சைக்கிளின் பின்விளக்குத்தான் தெரிகிறதாகவும் நினைத்து வெளியே வந்ததாகச் சொன்னார். அவருக்கு அறுபது வயது இருக்கும். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். மிருக வைத்தியர் வந்து ஊசி போடும்வரை குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டே நின்றார். அம்பின் விளக்கை யாரும் அணைக்கவில்லை. குதிரை இறந்த பிறகும் அது எரிந்தது.

அந்தப் பெண்மணி வருவதற்கு முன், நாங்கள் இருவரும் வேலியோரம் நிற்கும்போது நடந்ததை முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை. அது இது.

அண்ணை என்னிடம், “எது தம்பி போனது?” என்று கேட்டார்.

நான், “சிவப்பு, அண்ணை” என்றேன்.

“வடிவாப் பாத்தனியே?”

“ஓம் அண்ணை. சிவப்பு.”

அவர் என் தோளில் கிடந்த வில்லைப் பார்த்தார். அதன் பின்னர், “சிவப்பு உன்ர எல்லே” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஓம், வாங்கும்போது சிவப்பு என்னுடையதுதான் என்று நினைத்து, ஓம் என்றேன். அதன் பின்னர் அவர் இரண்டு கூட்டிலும் மிச்சமிருந்த ஐந்து அம்புகளையும் ஒரே பையில் போட்டு வாகனத்தில் வைத்தார். பொலிஸ் வந்து யாருடைய நொக் சிவப்பு என்று கேட்டபோது அண்ணை என்னைப் பார்த்தார். நான் என்னுடையது என்றேன். அது உண்மை. யார் அம்பு விட்டது என்று கேட்டார்கள். இருட்டில் தெரியவில்லை என்றேன். அது உண்மையல்ல.

19ஆம் திகதி திங்கட்கிழமை அண்ணை என் வீட்டுக்கு வந்தார். “குதிரை தானேயடா, மனுசன் இல்லையே. கை தவறி விட்டிட்டன் எண்டு சொல்லு. லோயரை நான் பாக்கிறன்” என்றார்.

“விசா போயிடும் அண்ணை.”

“அது ஒண்டும் போகாது. நான் கதைக்கிறன்.”

“ஆரோட கதைப்பீங்கள்?”

“பேய்க்கதை கதையாதை. நான் கோயில் சபையில இருக்கிற ஆள். மான் வேட்டைக்குப் போனதே அங்க ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு இஞ்ச என்ன பேர் இருக்கு கெட்டுப்போக?”

மறுநாள் டண்டினோங்கில் ஒரு பழைய வீட்டில் வேலை இருந்தது. போனேன்.

தான் விட்ட அம்பின் நிறத்தை ஒருவர் ஏன் இன்னொருவரிடம் கேட்டார் என்று அதிகாரி கேட்டார். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதன் பின்னர் பின்வருமாறு சொன்னேன்.

கணேசலிங்கம் அண்ணைக்குச் சிவப்பும் பச்சையும் வேறாகத் தெரியாது. அவர் இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பழைய வீடுகளில் சிவப்பு வயரில் கரன்ட் வரும், பச்சை வயர் எர்த்; இரண்டும் மாறினால் தொடுகிற தகரத்திலேயே கரன்ட் அடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அவர் ஒரு சுவிச் போர்டில் இரண்டையும் மாற்றிப் பூட்டினார். நான் சும்மா கைகாட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் திருத்தினார். அன்றிலிருந்து வயர்களைச் சீவி, சிவப்பை அவருடைய வலது கையிலும் பச்சையை இடது கையிலும் நான்தான் கொடுக்கிறேன். நான் கொடுத்ததை அவர் பூட்டுவார். சோதித்துக் கையெழுத்து வைப்பவரும் அவர்தான். குதிரை செத்த மூன்றாம் நாள், டண்டினோங் வீட்டிலும் அப்படியே கொடுத்தேன்.

இதைத்தான் மேலே முழுப் பதில் என்றேன். நிறம் பிழை என்று அவருக்கு வாயால் சொல்வது எங்களுக்குள் இல்லாத காரியம். கொம்பனியில் என்னோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் படகில் வந்தவர்கள்தான். வேலையைக் காட்டித்தான் விசாவுக்கு எழுதுகிறோம். இதைச் சொன்னால் அவருடைய லைசென்ஸ் போகலாம், அவர்களுடைய வேலையும் போகும் என்று எனக்குத் தெரியும். லைசென்ஸ் இல்லாமல் நான் வயரைத் தொட்டதும் குற்றம் என்று தெரியும். அன்று அவர் கேட்டபோது நான் பச்சை என்று சொல்லியிருந்தால், போனது தன்னுடைய நிறம் என்றே அவர் நினைத்திருப்பார், பழி என்மேல் வந்திராது. ஆறு வருடமாக அவர் கேட்டால் உள்ள நிறத்தைச் சொல்லிப் பழகிவிட்டேன். நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஆறு நொக்குகளையும் எரியவிட்டு மேசையில் வைத்து, நிறங்களைப் பிரித்துத் தரும்படி அவரிடம் கேளுங்கள். நான் அந்த அறையில் இருக்கக்கூடாது.

இன்னும் ஒன்று. சென்ற ஜனவரியில் முதுகு பிடித்து இரண்டு கிழமை படுக்கையில் கிடந்தேன். அந்த நாட்களில் அவர் தனியாகத்தான் வேலைக்குப் போனார். எத்தனை வீடு, எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி தேத்தண்ணி ஊற்றித் தந்ததாக மட்டும் பிறகு சொன்னார். அந்த வீடுகளின் சுவிச் போர்டுகளை யாராவது திறந்து பார்க்க வேண்டும். என்னைப் பற்றிய முடிவு எதுவானாலும் அதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று கேட்டேன். அதிகாரி அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

மேலே உள்ளவை நான் கண்டதும் செய்ததும். எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன, சரியென ஒப்புக்கொள்கிறேன். யாருடைய தூண்டுதலும் பயமும் இன்றிச் சொன்னேன் என்று எழுதியிருந்த வரியில் “பயமும்” என்ற சொல்லை வெட்டச் சொன்னேன். வெட்டப்பட்டது. அந்த இடத்தில் எனது முதலெழுத்தை இட்டேன்.

(ஒப்பம்) இ. கஜீவன்
27.05.2025