எடமில்லன்னுட்டாங்க

பிளைட்டுக்காரன் குடுத்த தங்க அட்டையாம், தங்க அட்டை! பித்தளைக்குக்கூடப் பெறாது. இங்க பாரும்மா, 'பகிலா'ன்னு எம் பேர எவ்வளவு அழகா பொறிச்சிருக்கான்! பொறிச்சு என்ன? காலைல அக்தாவ் போற பிளைட்டுல எடமில்ல, நீங்க சாயங்காலம் போங்கன்னு இங்க உக்கார வெச்சுட்டானுங்களே!

நீயும் சாயங்கால பிளைட்டா? நல்லதாப் போச்சு. இந்தா, பௌர்சாக் எடுத்துக்க. அட, வெக்கப்படாம எடு… நானே மாவு உருட்டிப் பொரிச்சது. இங்க விக்கிறான் பாரு, அத ஆட்டுக்குக் குடுத்தா ஆடு நம்மள மொறைக்கும்.

இவனுங்க வியாபாரத்தக் கேளேன். ஒரே ஆட்ட ரெண்டு பேருக்கு வித்தா சந்தைல விட்ருவாங்களா? ஆட்டுக்கு முன்னாடி அவன் தோல உரிச்சிருவாங்க. இவன் ஒரே நாற்காலிய ரெண்டு பேருக்கு விக்கிறான்! கேட்டா, 'எப்பவும் நாலு பேரு வராம போயிருவாங்கம்மா, அதான்'ங்கறான். இன்னிக்கு எல்லாரும் வந்து நின்னுட்டோம். வந்தது நம்ம தப்புதான்! சரி, வெலையாவது ஒண்ணா இருக்கா? பக்கத்துல உக்காந்தவன் பாதி வெலைல வந்திருப்பான். ஏன்டான்னா, அவர் டிக்கெட்டுல வேற எழுத்து, ஒங்க டிக்கெட்டுல வேற எழுத்தாம். எழுத்துதான் பறக்குதாக்கும்!

பறக்கப் பறக்க அட்டைல மைல் சேருமே, அந்தக் கதை இன்னும் கூத்து. மைல்ல ரெண்டு ஜாதியாம்மா! பறந்து சேத்தது ஒண்ணு, அவனா பாத்து இனாமா குடுக்கறது ஒண்ணு. இனாம் மைல்ல டிக்கெட் வாங்கலாம், இஸ்திரிப்பெட்டி வாங்கலாம், தங்க அட்டைய மட்டும் காப்பாத்திக்க முடியாதாம். இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? எல்லாம் முடிஞ்சப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்றா அந்தக் கவுண்டர் பொண்ணு.

…என்ன முடிஞ்சப்புறமா? அத விடு.

இன்னிக்கு என்ன நாள் தெரியுமா? எம் பேத்தி அய்ஷோல்பன் நடக்க ஆரம்பிக்கறா, கால்ல கயிறு கட்டி அறுக்கற நாள். யாரு அறுக்கறாங்களோ அவங்க நடை, அவங்க கொணந்தானே புள்ளைக்கு வரும், ஒனக்குத் தெரியாததா? சம்பந்தியம்மா எப்பலேர்ந்தோ கத்தியத் தீட்டிக்கிட்டிருக்கா. அவ நடை இருக்கே… சமையக்கட்டுலேர்ந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள டீ ஆறி ஏடு கட்டிரும்! எம் மகன் தைமாஸ்தான் சபைல எந்திரிச்சு, 'அம்மாதான் அறுக்கணும், எம் பொண்ணும் அம்மா மாதிரி சுறுசுறுப்பா ஊரெல்லாம் பறக்கணும்'னான். சம்பந்தியம்மா மூஞ்சியப் பாக்கணுமே அப்போ!

இப்போ பாரு. அங்க அக்தாவ்ல விருந்தாளிங்க வந்து உக்காந்தாச்சு. குதிரைக்கறி வெந்து ஆறுதாம். எனக்காக, புள்ளைய கீழ எறக்காம மடி மாத்தி மடி வெச்சிருக்காங்களாம்.

ஏம்மா, எங்க எந்திரிச்ச? கவுண்டருக்கா? எனக்காக நியாயம் கேக்கப் போறியா? நல்ல மனசு ஒனக்கு… ஆனா உக்காரு. அட, வேணாங்கறேன்ல… நில்லும்மா! அவகிட்ட மட்டும் கேக்காத. அவ… அவ உள்ளதச் சொல்லிருவா.

என்ன யாரும் எறக்கியெல்லாம் விடல. 'யாராச்சும் எடத்த விட்டுக் குடுத்தா பத்தாயிரம் மைல் தர்றோம்'னு மைக்ல கேட்டா. அவ வாய மூடறதுக்குள்ள கையத் தூக்கிட்டேன். அட்டை இந்த மாசத்தோட முடியுது, மைல் கொறையுதேன்னு… அடுத்த பிளைட்டு ஒரு மணி நேரத்துல இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஒரு கெழவரும் கையத் தூக்க வந்தாரு. அவர் கையத் தட்டி விட்டுட்டு முன்னாடி போய் நின்னேன். சுறுசுறுப்பு!

இரு, தைமாஸ் வீடியோல கூப்பிடறான்.

சொல்லுடா… தெரியுதுடா, பெரியவங்க எவ்வளவு நேரந்தான் பசியோட இருப்பாங்க… ஆமாடா, எடமில்லன்னுட்டாங்க. பாவிப்பசங்க… நீ அப்பிடிப் பாக்காதம்மா… ஒன்ன இல்லடா, இங்க ஒரு பொண்ணு.

அழறாளா? எறக்கி விடச் சொல்லியா? …எறக்கி விட்ருடா. சம்பந்தியம்மாகிட்டயே கத்தியக் குடுத்துரு. நெஜமாத்தான் சொல்றேன். மெதுவா நடக்கறவங்க கீழ விழ மாட்டாங்க. வயிறு எரியத்தான் செய்யுது, அதுக்காக புள்ளைய அழ விட முடியுமா?

டேய், டேய்… எல்லார் மூஞ்சியுந்தான் தெரியுது. போனக் கொஞ்சம் கீழ புடிடா. அவ காலு தெரியல.