இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே பாடிய அத்திலியோ பொசானோ

மேடை என்று நாம் மரியாதையாக அழைக்கும் இந்த மூன்று மரப்பெட்டிகளின் மேல் வீற்றிருக்கும் பங்குத் தந்தை கலிஸ்தோ அவர்களே! மிலானிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் இசைத்தட்டு நிறுவனத்துப் பெரியவரே! தந்தையை இழந்து நிற்கும் செல்லமகள் நிவெஸ்! ஜெனோவா மாநகரத்தின் இந்த முற்றத்தில் திரண்டிருக்கும் பன்னிரண்டு குடித்தனங்களின் மாண்புமிகு பெருமக்களே! முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருக்கும் மூன்றாம் மாடி சின்யோரா இனெஸ் அம்மையார் அவர்களே! இந்தக் கட்டடத்தின் நிர்வாகி ஃபூரியோ திராவெர்சோவின் கண்ணீர் கலந்த வணக்கம். மணி நான்கைத் தாண்டிவிட்டது. விதிப்படி இனி நாம் வாய்விட்டு அழலாம்.

போய்விட்டார் அத்திலியோ பொசானோ! நான்காம் மாடிக் குயில் பறந்துவிட்டது!

யார் இந்த அத்திலியோ? இளமையில் அவர் மின்சாரக் கித்தாரைத் தோளில் மாட்டினால், துறைமுகத்துக் கப்பல்கள் தங்களைத்தான் கிளம்பச் சொல்கிறார்கள் என்று நங்கூரத்தைத் தூக்கிவிடும். கடற்பறவைகள் ஒரு கோடை முழுக்கக் கார்சிகாத் தீவில் போய்த் தங்கின. கலங்கரை விளக்கம் கண்ணை மூடிக்கொண்டது. அப்பேர்ப்பட்டவர் கடைசிக் காலத்தில் ஒற்றை மரக்கித்தாரோடு, மறைந்த மனைவி தெலியாவின் காதோரம் பேசுவதுபோல், பதினோரு பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்து ஓர் ஆல்பமாக விட்டுப் போனாரே, எப்படி? சற்றுமுன் பேசிய மிலான் பெரியவர் அதை "முதுமை தந்த ஆன்மிக மௌனம்" என்றார். அழகான சொற்கள். சுத்தப் பொய். அது நம் குடியிருப்பு விதிகளின் பதினான்காம் பிரிவு!

பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை ஒருவரும் சத்தம் எழுப்பக் கூடாது. அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டர்கள் உறங்கும், குழந்தைகள் உறங்கும், ஐந்தாம் மாடித் தொலைக்காட்சியும் உறங்கும். பாட்டைப் பதிவுசெய்ய அதைவிட நல்ல நேரம் உண்டா? பாடுவதற்கு அதைவிடக் குற்றமான நேரம்தான் உண்டா? மனிதர் என்ன செய்வார்? சமையலறையில் உட்கார்ந்து, திருடன் நடப்பதுபோல் பாடினார்.

ஆனால் கீழ் வீட்டில் யார்? சின்யோரா இனெஸ்! கையில் என்ன? துடைப்பம்! அந்தத் துடைப்பக் கம்பு கூரையில் மூன்று முறை இடிக்கும். கூடவே குரல்: "அத்திலியோ! இன்னும் நாலு ஆகல!" மேலேயிருந்து, பாட்டை நிறுத்தாமலே, அதே ராகத்தில் பதில் இறங்கும்: "அஞ்சே நிமிஷம், சின்யோரா..."

பதினோரு பாட்டிலும் அந்த இடி இருக்கிறது. பாதிப் பாட்டுகளில் சின்யோராவின் குரலும் இருக்கிறது. மிலானில் இயந்திரம் வைத்துப் பிரித்துப் பார்த்தார்களாம். துடைப்பத்தைப் பிடுங்கினால் அத்திலியோவும் கூடவே வந்துவிடுகிறாராம்!

இங்கேதான் சிக்கல். சின்யோரா இனெஸ் சம்மதிக்காமல் ஆல்பம் வெளிவராது என்று நிவெஸ் சொல்லிவிட்டாள். சம்மதிக்கவே மாட்டேன் என்று சின்யோரா சொல்லிவிட்டார். இன்று மாலை மிலான் பெரியவர் வெறுங்கையோடு ரயிலேறினால், நம் அத்திலியோவின் குரல் அவர் சமையலறைப் பாஸ்தா டப்பாக்களுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உறங்க வேண்டியதுதான். விடலாமா அப்படி?

என்ன சின்யோரா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நான் திருப்பிச் சொல்கிறேன். "யோவ் ஃபூரியோ, செத்தவனப் பத்திப் பேசச் சொன்னா என்னைப் பத்தி என்னய்யா பேச்சு?" என்கிறார். அங்கே ரொட்டிக்கடை எர்மெத்தே, "மைக்கை விடுய்யா, ஃபொகாச்சா ரொட்டி ஆறுது" என்கிறார். ஆறட்டும் எர்மெத்தே! சூடாக இருந்தாலும் அது செருப்புத் தோல்தானே!

சொல்லுங்கள் சின்யோரா, எதற்காக மறுக்கிறீர்கள்? "முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவ நான். நாளைக்கு ஊரே என்னைத் துடைப்பக்கட்டைக் கிழவின்னு கூப்பிடும். அதுகூடப் பரவாயில்ல..." குரல் இறங்கிவிட்டது. இதையும் நான் திருப்பிச் சொல்லலாமா? தலையாட்டுகிறார். "கடைசி நாள்கூட அவனைப் பாத்துக் கத்தினேன்யா. மறுநாள் காலைல அவன் இல்ல. கடைசி நாள் நான் அவன்கிட்டப் பேசினதெல்லாம் வசவுதான். அதை உலகம் பூரா கேக்கணுமா?"



சின்யோரா, இந்தக் கட்டடத்தில் பூனை தும்மினாலும் எனக்குத் தெரியும். தினமும் நான்கு அடித்ததும் அத்திலியோ படியிறங்கி உங்கள் கதவைத் தட்டுவாரே, என்ன கேட்பார்? "தூங்கினீங்களா சின்யோரா?" நீங்கள் என்ன சொல்வீர்கள்? "எங்கய்யா தூங்கவிட்ட, படுபாவி!" அந்த நொடியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருவிழாத் தெரு! சீட்டியடித்துக்கொண்டே மேலே போவார். சில நாள் நீங்கள், "இன்னிக்கு நல்லாத் தூங்கினேன்யா, ரொம்ப நன்றி" என்பீர்கள். முகம் செத்துவிடும். கோபக்காரன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும்தான் நினைத்தேன்.

ஒருநாள் காப்பிக் கடையில் பிடித்துக் கேட்டேன். "என்னடா, அந்தம்மா நன்றி சொல்றாங்க, நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"தூங்கிட்டாங்கடா. பாட்டு தேறல. அழிச்சிட்டேன்."

"பைத்தியமா உனக்கு?"

"கத்தி எழுப்ப எந்தக் கழுதையாலயும் முடியும் ஃபூரியோ. மெதுவாப் பாடி ஒருத்தரை எழுப்பணும். அதுவும் யாரை? முப்பது வருஷம் பசங்களோட கூச்சல்ல பழகின காதுடா அது! அவங்க தட்டினாத்தான் பாட்டு."

கேட்டீர்களா பெருமக்களே! எத்தனை பாட்டு பாடியிருப்பார்? நாற்பதா? நானூறா? என் கணக்கில் நாலாயிரம்! எஞ்சியது பதினொன்று. சலித்தெடுத்தது யார்? மிலானா? ரோமாபுரியா? மூன்றாம் மாடி! சின்யோரா, கடைசி நாள் நீங்கள் கத்தியதை வசை என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அன்று மாலை அந்த மனிதர் சீட்டியடித்துக்கொண்டே படியேறினார். இந்தக் காதால் கேட்டேன்.

எழுந்திருக்கிறார். அமைதி, அமைதி! "அப்போ அந்தப் பாவி வேணும்னேதான் என்னை எழுப்பினானா?" ஆமாம் சின்யோரா. "எத்தனை வருஷத்துத் தூக்கம்யா அது!" மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். நிவெஸைப் பார்க்கிறார். "சரி பொண்ணே. வெளியிடு."

பொறுங்கள், கைதட்டாதீர்கள், இன்னும் முடிக்கவில்லையாம்! "நிவெஸ் தேதியோட போட்டுக் காட்டினாளே, அந்த மூணாவது பாட்டு மட்டும் வேணாம். அதுக்கு நான் தட்டவே இல்ல. அன்னிக்கு நான் என் தங்கச்சி வீட்ல இருந்தேன். காத்துல அடிச்சுக்கிட்டது படிக்கட்டு ஜன்னல். இந்த ஃபூரியோ இன்னும் சரி பண்ணாத ஜன்னல்!"

மிலான் பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, வானொலிக்குன்னு நாங்க எடுத்து வெச்சதே அதுதாம்மா" என்று கெஞ்சுகிறார். சின்யோரா அவரைப் பார்க்கிறார். பெரியவர் தானாகவே எழுந்து நின்றுவிட்டார், வீட்டுப்பாடம் எழுதாத பையன்போல! நிவெஸ் சிரிக்கிறாள், அப்பா போனபின் இன்றுதான் சிரிக்கிறாள். "தெரிஞ்சிருந்தா அப்பாவே அதை அழிச்சிருப்பாரு. பத்துப் பாட்டு போதும்" என்கிறாள்.

முடிந்தது! பத்துப் பாட்டு! இனி மத்தியானம் நிம்மதியாகத் தூங்குங்கள் சின்யோரா என்று வாழ்த்தி அமரலாமென்று பார்த்தேன். "அதான் வரமாட்டேங்குதே ஃபூரியோ" என்கிறார். "மேல சத்தமே இல்லியே."

ஆகவே அன்பர்களே, அத்திலியோ பொசானோவின் பெயரால் ஓர் உறுதி ஏற்போம். ஆல்பம் வெளிவரும் நாளில், பிற்பகல் சரியாக இரண்டு மணிக்கு, பன்னிரண்டு வீட்டு ஜன்னல்களும் திறக்கும். பத்துப் பாட்டும் மெதுவாக ஒலிக்கும். அந்த நாளில் மட்டுமல்ல, மூன்றாம் மாடி கேட்கும் நாளிலெல்லாம் ஒலிக்கும். பதினான்காம் பிரிவை மீறுகிறார்கள் என்று யாருக்காவது புகார் இருந்தால் தாராளமாக நிர்வாகியிடம் வரலாம். நான் அப்போது பாட்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.