கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு

அக்கா: இன்னும் எவ்வளவு நேரம்டா? ரெண்டு மணிக்கு வார்டுல இருக்கணும்.

தம்பி: அஞ்சே நிமிஷம். தாடைய இறக்கு... ரொம்ப இறக்காத, தூங்குற மாதிரி இருக்கு.

அக்கா: நேத்து மட்டும் மூணு பிரசவம். தூங்குற மூஞ்சிதான் என் மூஞ்சி. சட்டுனு எடுத்து விடு.

தம்பி: தலைமை நர்ஸ் ஆயிட்ட. ஆஸ்பத்திரிச் சுவத்துல மாட்டப்போற படம். பாஸ்போர்ட் படம் மாதிரி எடுத்துத் தரச் சொல்றியா?

அக்கா: மூஞ்சி தெரிஞ்சாப் போதாதா?

தம்பி: மூஞ்சிக்கு முன்னாடி இருக்குற லைட்டு போதும். ஆனா உன் பின்னாடி இருக்குற திரையும் கறுப்பு, உன் முடியும் கறுப்பு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு மூஞ்சி மட்டும் அந்தரத்துல தொங்கும். பின்னாடியிருந்து ஒரு சின்ன லைட்டு, முடியோரத்துலயும் தோள்லயும் கோடு விழுற மாதிரி வச்சாத்தான் ஆளு திரைய விட்டு வெளிய வரும்.

அக்கா: உன் மாமாவுக்கும் வச்சியே, போன வருஷம்...

தம்பி: அது பட்டுக் கத்துக்கிட்டது. வழுக்கைக்குப் பின்னாடி லைட்டு வைக்கக் கூடாது. அந்தப் படத்துல மாமாவ விட மண்டைதான் நல்லாச் சிரிச்சுது.

அக்கா: இன்னும் பீரோவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கார்டா...

தம்பி: சிரிக்காத, ஆடுது. பின்னாடி போய் லைட்ட சரி பண்ணிட்டு வரேன். சுட்டா சொல்லு.

அக்கா: ம். சீக்கிரம்.

தம்பி: அடேயப்பா... இங்கேயிருந்து பாத்தா எவ்வளவு நரை! மாமா முடியே இல்லாம தப்பிச்சார், நீ மாட்டிக்கிட்ட.

அக்கா: ...

தம்பி: என்ன, கோவமா?

அக்கா: ...

தம்பி: சரி, முன்னாடி வந்துட்டேன். என்னக்கா, பதிலே பேசல?

அக்கா: ஆடாதன்னியே. அதான்.

தம்பி: ஓ... உன் பைக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருக்கு.

அக்கா: ஆங்... தெரியும். அடிக்கட்டும்.

தம்பி: வார்டா இருக்கப் போவுது.

அக்கா: அப்புறம் பேசிக்கிறேன். நீ படத்த எடு.

தம்பி: லைட்டு கொஞ்சம் இறங்கியிருக்கு. இரு, வரேன்.

அக்கா: மறுபடியுமா? குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்குடா முன்னும் பின்னும் அலையுற?

தம்பி: இதோ, பின்னாடிதான் நிக்கிறேன்... அக்கா! தோள்ல பல்லி!

அக்கா: ...

தம்பி: பெரிய பல்லிக்கா! கழுத்துகிட்ட போகுது!

அக்கா: ...

தம்பி: பல்லின்னா கட்டில் மேல ஏறி நிப்பியேக்கா...

அக்கா: முடிஞ்சுதாடா?

தம்பி: எனக்கு பயமா இருக்கு.

அக்கா: நேரமாச்சு. அங்க என்னதான் நோண்டுற?

தம்பி: வந்துட்டேன். என்னப் பாரு. வாய இல்ல... கண்ணப் பாரு.

அக்கா: ஏன், இப்ப கண்ணுக்கு ஒரு லைட்டா?

தம்பி: உன் தோள்ல பல்லின்னு சொன்னேன். ரெண்டு தடவ. கத்தி.

அக்கா: எங்க? ஐயோ, எங்கடா... தட்டி விடு!

தம்பி: பல்லி இல்ல. சும்மாத்தான் சொன்னேன். உன் பின்னாடி நின்னு. எத்தன நாளா?

அக்கா: காதுல கொஞ்சம் அழுக்கு... சொட்டு மருந்து விட்டா...

தம்பி: அக்கா.

அக்கா: ...இடது போய் ஒரு வருஷம். வலது இப்ப, மூணு மாசமா.

தம்பி: மாமாவுக்கு?

அக்கா: யாருக்கும் தெரியாது. எதிர்ல நின்னு பேசினா வாயப் பாத்தே சமாளிச்சிடுவேன்.

தம்பி: வார்டுல எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பாங்களே. அங்க?

அக்கா: ...ஊகிப்பேன்.

தம்பி: பிரசவ வார்டுலயா? குழந்தையோட நெஞ்சுத் துடிப்பையும் ஊகிப்பியா?

அக்கா: அதுக்கு மெஷின் இருக்கு. திரையில நம்பர் வரும்.

தம்பி: உன் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தி வலியில கூப்பிட்டா, அது எந்தத் திரையில வரும்?

அக்கா: கத்தாதடா.

தம்பி: கத்தினாலும் உனக்குக் கேக்கலையேக்கா!

அக்கா: ...இருபத்திரெண்டு வருஷம்டா. இப்பத்தான் தலைமை நர்ஸ். இப்பப் போய்ச் சொன்னா, வாசல் மேசையில உட்கார வச்சுச் சீட்டு எழுதச் சொல்வாங்க. விடு. லைட்டோட அழகா ஒண்ணு எடு. நான் கிளம்புறேன்.

தம்பி: பின்னாடி லைட்டு எரியவே இல்லக்கா. காலையிலேயே பல்பு போச்சு. போன வாரம் உன் வீட்டு வாசல்ல நின்னு பத்து தடவ மணி அடிச்சேன். ஜன்னல் வழியா பாத்தா நீ உள்ளதான் துணி மடிச்சுக்கிட்டு இருந்த. அதான்... பின்னாடி நின்னு பேசிப் பாக்கத்தான் இப்படி அலைஞ்சேன். தப்புதான்.

அக்கா: தெரியும்டா. என்ன உட்கார வச்சுத்தானே நீ லைட்டு வைக்கவே பழகின. எரிஞ்சா கழுத்து சுடும். நீ முதல் தடவ போனப்பவே சுடல. எரியாத விளக்க ஒருத்தன் எதுக்குத் திரும்பத் திரும்பப் போய் சரி பண்ணுவான்? எந்திரிச்சுப் போயிருக்கலாம்... யாராவது ஒருத்தராவது கண்டுபிடிச்சுட மாட்டாங்களான்னுதான் உட்கார்ந்துட்டேன். போன் இன்னும் அடிக்குதா? எடு. வார்டா இருந்தா, அக்கா இன்னிக்கு வரலன்னு சொல்லு. ஏன்னு கேட்டா... அதையும் நீயே சொல்லிடு.